ஒரே காற்று, நான்கு வானிலை: தனியாக பைக்கில் 340 கிலோமீட்டர் போன ஒரு ஜூன் நாள்!

ஜூன் மாதக் காலையில் தூத்துக்குடியில் துணி காயப்போட்டால் காபி குடித்து முடிப்பதற்குள் பாதி காய்ந்துவிடும். அதே நேரம், அங்கிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குற்றாலத்தில் போட்ட துண்டு நாள் முழுக்கக் காயாமல் ஈரவாடை அடிக்கும். மலையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் மேற்கே போனால், தென்மலைக் காட்டில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மழை கொட்டும். வெயில், சாரல், மழை என்று மூன்றும் மூன்று விதம். ஆனால் மூன்றையும் நடத்திவைப்பது ஒரே காற்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று!

இதைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'மழை மறைவுப் பிரதேசம்' என்று படித்திருப்போம். மார்க்கும் வாங்கியிருப்போம். காரில் போனால் அதையே கண்ணாடி வழியாக வேடிக்கை பார்க்கலாம். பைக்கில் போனால் வேடிக்கையெல்லாம் கிடையாது. எல்லாம் உடம்பின் மேலேயே நடக்கும்!

நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறவன். 'தென் மாவட்டங்களுக்கு மஞ்சள் எச்சரிக்கை', 'அடுத்த மூன்று மணி நேரத்தில் மழை' என்று வானிலைச் செய்திகளைத் தினமும் டைப் செய்வதுதான் பிழைப்பு. அந்த மஞ்சள் எச்சரிக்கைக்குள் ஒருநாள் முழுக்க வண்டி ஓட்டினால் எப்படி இருக்கும்? ஜூன் மூன்றாவது வாரம், லீவில் சொந்த ஊரான தூத்துக்குடிக்குப் போயிருந்தபோது அதைச் செய்து பார்த்தேன்.

போட்ட திட்டம் இதுதான். தூத்துக்குடியில் கிளம்பி நெல்லை, தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு கணவாய் வழியாகக் கொல்லம். அங்கிருந்து திருவனந்தபுரம், நாகர்கோவில், ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக மறுபடியும் நெல்லை, தூத்துக்குடி. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரு கணவாயில் தாண்டிப் போய், இன்னொரு கணவாயில் தாண்டித் திரும்புகிற வட்டம். மொத்தம் சுமார் 470 கிலோமீட்டர். என்னிடம் இருப்பது சாதாரண 150 சிசி பைக். கூட யாரும் இல்லை.

கூட ஆள் இல்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து போனால், ஒருவர் சோர்ந்ததும் இன்னொருவர் "போதும்பா, டீ குடிக்கலாம்" என்பார். தனியாகப் போகும்போது அந்தப் 'போதும்'மை நாமேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். அதுவும் சரியான நேரத்தில்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் ஏறக்குறைய 44.5 சதவிகிதம் பேர் டூ வீலரில் போனவர்கள். அதனால் கிளம்புவதற்கு முந்தைய இரவே ஒரு தாளில் மூன்று வரி எழுதி, டேங்க் கவரில் வைத்துவிட்டேன்.

ஒன்று: முன்னால் போகும் வண்டி மழையில் தெரியாவிட்டால் நின்றுவிட வேண்டும். இரண்டு: விரல் விறைத்தால் நின்றுவிட வேண்டும். மூன்று: இருட்டுவதற்குள் ஆரல்வாய்மொழியைத் தாண்ட முடியாது என்றால் நாகர்கோவிலிலேயே தங்கிவிட வேண்டும்.

முதல் 50 கிலோமீட்டர்: வெயிலும் தூசியும்

காலை 5.45-க்குக் கிளம்பினேன். தூத்துக்குடியிலிருந்து நெல்லைக்கு 50 கிலோமீட்டர், நல்ல நான்குவழிச் சாலை. இரண்டு பக்கமும் உடைமரமும் பனைமரமும். கடலோர ஊரானாலும் தூத்துக்குடிக்கு ஜூனில் மழை அபூர்வம். இங்கே மழை என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான். அதுவரைக்கும் மேற்கே இருந்து வரும் காற்று தூசியைத்தான் கொண்டுவரும்.

காற்றில் ஈரம் ஏன் இல்லை? அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்ததும், தன்னிடம் இருக்கும் நீரை மழையாகக் கொட்டிவிடுகிறது. கொட்டி முடித்த காற்று கிழக்குப் பக்கம் இறங்கும்போது மறுபடியும் சூடாகிறது. ஈரமில்லாத காற்று ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி சூடாகும். அந்தக் காய்ந்த காற்றுதான் நம் நெல்லைச் சீமைக்கு வந்து சேர்கிறது. கேரளம் குளித்துவிட்டு அனுப்பும் காற்றில் நாம் தலை துவட்டிக்கொள்கிறோம்!

காலை வெயிலில் போகும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளலாம். தாகம் எடுக்கிறதோ இல்லையோ, மணிக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட வேண்டும். முகத்தில் காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் வியர்ப்பதே தெரியாது. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் முதலில் குறைவது கவனம்தான். தலைவலி அதற்குப் பிறகுதான் வரும்.

அடுத்த 55 கிலோமீட்டர்: முகத்தில் மோதும் காற்று

நெல்லையில் இட்லியை முடித்துக்கொண்டு தென்காசி சாலையைப் பிடித்தேன். இங்கிருந்து நேராக மேற்கு. அதாவது, செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு நேர் எதிரே போகிறோம்.

ஆலங்குளம் தாண்டியதும் அது நன்றாகவே தெரிந்தது. ஆக்ஸிலேட்டரை அதே அளவு திருகிப் பிடித்தும் வண்டி மெதுவாகப் போனது. பைக் பழுதாகிவிட்டதோ என்று முதல்முறை போகிறவர்களுக்குச் சந்தேகம்கூட வரலாம். விஷயம் எளிதுதான். நாம் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம், எதிர்க்காற்று 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்றால், நம் மேல் மோதுவது 100 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றின் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடும். எனவே நம்மைப் பின்னுக்குத் தள்ளும் விசை கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. கழுத்து வலிக்கும், பெட்ரோலும் அதிகம் குடிக்கும். வழக்கமான மைலேஜை நம்பி அடுத்த பங்க்கில் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போடக் கூடாது.

இந்தச் சமவெளியில் அங்கங்கே காற்றாலைகள் நிற்பதற்கும் காரணம் இதே கணவாய்தான். மலைத்தொடர் ஒரு சுவர் என்றால், கணவாய்கள் அதில் திறந்துவைத்த ஜன்னல்கள். பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்ற நான்கு ஜன்னல்களைச் சுற்றித்தான் தமிழ்நாட்டின் காற்றாலைகள் பெரும்பாலும் இருக்கின்றன. தென்காசி காசிவிஸ்வநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் நின்றவர்களுக்கு இந்த ஜன்னல் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வேட்டியை, புடவையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்!

பாவூர்சத்திரம் தாண்டியதும் மலை தெரிந்தது. உச்சி தெரியவில்லை. பாதி மலைக்கு மேல் சாம்பல் நிற மேகம் மூடியிருந்தது. வெயில் என் முதுகில், மேகம் என் முன்னால். கையை நீட்டினால் ஒரு பக்கம் சுடும், மறுபக்கம் குளிரும் என்பதுபோல ஒரு நிலை.

புளியரை: டீக்கடை சொன்ன வானிலை அறிக்கை

தென்காசியைத் தாண்டும்போதே சாரல் ஆரம்பித்துவிட்டது. குற்றாலச் சீசனில் விழும் இந்தச் சாரலை மழை என்று யாரும் குடை பிடிக்க மாட்டார்கள். பன்னீர் தெளித்தமாதிரி விழும். பார்க்க அழகு. ஆனால் பைக்குக்குப் பெருமழையைவிட இதுதான் ஆபத்து. நன்றாகக் கொட்டும் மழை சாலையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் கழுவிக்கொண்டு போய்விடும். சாரல் கழுவாது, குழைத்துவிட்டுப் போகும். அதனால் தென்காசியிலிருந்தே வேகத்தை 40-க்கு இறக்கிவிட்டேன்.

செங்கோட்டைக்கு முன்னால் பிரானூர் பார்டர். பரோட்டாவுக்குப் பேர்போன இடம். காலை எட்டரை மணிக்குப் பரோட்டாக் கல்லைத் தேடுவது நியாயமில்லை என்பதால் நிற்கவில்லை. அந்த 'பார்டர்' என்ற பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1956 நவம்பர் 1-ம் தேதிக்கு முன்புவரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. அன்றைக்குத்தான் கன்னியாகுமரி மாவட்டத்தோடு இதுவும் தமிழ்நாட்டில் சேர்ந்தது. எல்லை மேற்கே நகர்ந்துவிட்டது, 'பார்டர்' மட்டும் இங்கேயே நின்றுவிட்டது.

இன்றைய எல்லைக்கு முன்னால் வரும் ஊர் புளியரை. அங்கே ஒரு டீக்கடையில் நிறுத்தி ரெயின்கோட்டை மாட்டினேன். கடைக்கார அண்ணாச்சி பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எங்க போறீய தம்பி, தனியாவா?"

"கொல்லத்துக்கு அண்ணாச்சி. மேல மழையா?"

"அத எங்கிட்ட ஏன் கேக்கீய? எதுக்க வார லாரியப் பாருங்க. தார்ப்பாய் சொட்டிக்கிட்டு வந்தா மேல மழை. காஞ்சி வந்தா மழை விட்டாச்சி."

செல்போனை எடுத்து ரேடார் படம் பார்க்கப்போன எனக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் இறங்கிய நான்கு லாரிகளிலும் தார்ப்பாய் சொட்டிக்கொண்டிருந்தது. நான்காவது லாரியில் வைப்பர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

மலைச்சாலையில் போகிறவர்கள் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையைப் பார்த்துக் கிளம்புவது அவசியம். மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் நடவடிக்கை எடு என்று பொருள். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை, 115.6-க்கு மேல் மிகக் கனமழை, 204.4-க்கு மேல் அதி கனமழை. ஆனால் அந்த எச்சரிக்கை ஒரு மாவட்டத்துக்கானது. அடுத்த வளைவில் என்ன நடக்கிறது என்பதை, அந்த வளைவிலிருந்து வருகிறவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஆரியங்காவு: கண்ணை மறைத்த மழை

புளியரையின் எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசலைத் தாண்டினால் கேரளம். ஆரியங்காவு ஒன்றும் பெரிய உயரமான கணவாய் இல்லை. ஊட்டி, கொடைக்கானல்போலக் கொண்டை ஊசி வளைவுகள் வரிசை கட்டி நிற்காது. ஆனால் சில கிலோமீட்டருக்குள் உலகம் மாறிவிடும். பழுப்பு போய்ப் பச்சை. புழுதி போய்ப் பாசி. சாலையில் வெயிலே விழாத அளவுக்கு மரங்கள்.

மரங்கள் அழகுதான். ஆனால் அவற்றின் இலைகள் சாலையில் நனைந்து ஒட்டிக்கிடக்கும். ஈர இலை மேல் முன் பிரேக்கைப் பிடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதேபோல ஈரத்தில் வழுக்குகிறவை இன்னும் சில உண்டு. சாலையில் வரைந்த வெள்ளைக் கோடு, பாலங்களின் இணைப்பில் இருக்கும் இரும்புப் பட்டை, ரயில்வே கேட்டின் தண்டவாளம். இவற்றின் மேல் போகும்போது பிரேக்கும் கூடாது, வண்டியைச் சாய்க்கவும் கூடாது. நேராக, ஒரே வேகத்தில் கடந்துவிட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக், ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் நகர்ந்துவிடும். எதிரே ஒன்றைப் பார்த்து, மூளை யோசித்து, கை பிரேக்கைத் தொடவே ஒரு விநாடி ஆகும். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்கும். காய்ந்த சாலையில் அதற்கு மேலும் 20 மீட்டர் வேண்டும் என்றால், ஈரச் சாலையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளில் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுக்கும். வண்டி நிற்கத் தேவையான தூரத்தை அது மாயமாக்கிவிடாது. அதனால் வெயிலில் முன்வண்டிக்கு இரண்டு விநாடி இடைவெளி என்றால், மழையில் நான்கு விநாடி.

கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் வரும். 1904-ல் திறக்கப்பட்ட கொல்லம் - செங்கோட்டை ரயில் பாதையின் கல் பாலம். மீட்டர் கேஜ் அகலப்பாதையாக மாறி, 2018 முதல் இதன் மேல் மறுபடியும் ரயில் ஓடுகிறது. போட்டோ எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்த இடம். ஆனால் அங்கே வந்தபோது பாலத்தின் கண்களில் பாதியைக் காணோம். மழை அப்படி!

சில நிமிடங்களில் முன்னால் போன ஜீப்பின் சிவப்பு விளக்கும் மறைந்தது. முதல் விதி நினைவுக்கு வந்தது. சாலையோரம் ஒரு சாயாக்கடை தெரிந்ததும் உள்ளே திரும்பிவிட்டேன். மரத்தடியில் ஒதுங்காததற்குக் காரணம் உண்டு. காற்று மழையில் கிளை முறிந்து விழும், இடி இறங்கினால் மரத்தடிதான் மோசமான இடம். சாலை ஓரத்தில் இண்டிகேட்டர் போட்டு நிற்பதும் ஆபத்து. பின்னால் வருகிறவர் அதைப் போகிற வண்டி என்று நினைத்து நேராக வந்துவிடலாம்.

கடைக்குள் எனக்கு முன்பே ஒரு லாரி டிரைவர். தென்காசிப் பக்கத்துக்காரர், கொல்லத்துக்கு வைக்கோல் ஏற்றிப் போகிறார். "எனக்குப் பத்து சக்கரம் இருக்கு, நானே நிக்கேன்" என்று சிரித்தார். பேசிக்கொண்டே இருந்ததில் ஒன்றேகால் மணி நேரம் போய்விட்டது. அந்த ஒன்றேகால் மணி நேரம் என் மாலைத் திட்டத்தில் கைவைக்கப்போகிறது என்பது அப்போதே தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், பிறகு மழையைப் பார்த்தேன். மழைக்குத்தான் மரியாதை கொடுக்க வேண்டியிருந்தது.

கொல்லம் முதல் திருவனந்தபுரம் வரை: ஆறுமுறை ரெயின்கோட்

மழை குறைந்ததும் கிளம்பி, தென்மலை தாண்டி, புனலூர். கல்லடை ஆற்றின் மேல் 1877-ல் கட்டி முடிக்கப்பட்ட தொங்குபாலத்தைச் சாலையிலிருந்தே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொல்லம் சேர்ந்தபோது மணி இரண்டு. மீன்குழம்பும் குத்தரிசிச் சோறும் சாப்பிட்டு வெளியே வந்தால், சுள்ளென்று வெயில்!

கேரளத்தில் இந்தப் பருவமழையை 'இடவப்பாதி' என்பார்கள். மலையாள மாதமான இடவத்தின் பாதியில் தொடங்குவதால் அந்தப் பெயர். கேரளத்தில் இது தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. ஆனால் தொடங்கிவிட்டால் நாள் முழுக்கப் பெய்யும் என்று அர்த்தமில்லை. இருபது நிமிடம் கொட்டும், அரை மணி நேரம் வெளுக்கும், மறுபடியும் கொட்டும்.

கொல்லத்திலிருந்து திருவனந்தபுரம் சுமார் 65 கிலோமீட்டர். அதற்குள் ரெயின்கோட்டை மாட்டியதும் கழற்றியதுமாக ஆறுமுறை. மாட்டினால் உள்ளே வியர்வையில் நனைகிறோம், கழற்றினால் வெளியே மழையில் நனைகிறோம். எப்படியும் நனையத்தான் போகிறோம் என்று சிலர் ரெயின்கோட் இல்லாமலே ஓட்டுவார்கள். அது தப்புக் கணக்கு. ரெயின்கோட்டின் வேலை நனையாமல் காப்பது மட்டும் இல்லை, காற்றைத் தடுப்பதும்தான். ஈர உடம்பின் மேல் 60 கிலோமீட்டர் வேகக் காற்று தொடர்ந்து அடித்தால் உடம்புச் சூடு மளமளவென்று இறங்கும். முதலில் விரல் விறைக்கும். விறைத்த விரல் பிரேக் பிடிக்க அரை விநாடி கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அந்த அரை விநாடியில் வண்டி எட்டு மீட்டர் போய்விடும்.

இன்னொரு தொல்லை, ஹெல்மெட் கண்ணாடியில் படியும் ஆவி. மூடினால் மூச்சுக்காற்றில் மங்கும், திறந்தால் மழைத்துளி ஊசியாகக் குத்தும். ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைத்துக்கொள்வதுதான் செலவில்லாத வழி. இருட்டு நிறக் கண்ணாடி பார்க்க ஸ்டைலாக இருக்கும். மழை மேகத்தில் அது பட்டப்பகலை ராத்திரியாக்கிவிடும்.

தேசிய நெடுஞ்சாலை 66-ல் அகலப்படுத்தும் வேலை நடந்த இடங்களில் மாற்றுப்பாதை, சேறு, நெரிசல். திருவனந்தபுரத்தைத் தாண்டும்போது மணி ஐந்தைத் தொட்டுவிட்டது. களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் வந்தபோது 6.50. ஜூனில் இங்கே சூரியன் மறைவது 6.40-ஐ ஒட்டித்தான்.

நாகர்கோவில்: 130 கிலோமீட்டர் பாக்கி

ஓடோமீட்டரில் சுமார் 340 கிலோமீட்டர் ஓடியிருந்தது. வீட்டுக்கு இன்னும் 130 கிலோமீட்டர். மழை விட்டிருந்தது. முன்னால் நல்ல சாலை. மூன்று மணி நேரத்தில் வீட்டுச் சோறு.

இந்த இடத்தில்தான் தனியாகப் போகிறவனின் மனசு வேலை செய்ய ஆரம்பிக்கும். 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, இதென்ன பெரிய தூரம்' என்கும். 'கஷ்டமான மலையே முடிஞ்சாச்சு' என்கும். 'ரூம் போட்டால் காசு வீண்' என்கும். அது சொல்வது எல்லாமே நியாயமாகத்தான் இருக்கும். காலை 5.45-லிருந்து ஓட்டிக்கொண்டிருக்கும் மூளைதான் அப்படிச் சொல்கிறது என்பதை மட்டும் அது சொல்லாது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை நிறுத்தி, டேங்க் கவரிலிருந்த தாளை எடுத்தேன். ஈரத்தில் மை பரவியிருந்தாலும் மூன்றாவது வரியைப் படிக்க முடிந்தது. அதை எழுதியவன் நேற்று இரவு நன்றாகச் சாப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, அவசரமில்லாமல் யோசித்தவன். இப்போது நிற்கிறவனைவிட அவன் பேச்சைக் கேட்பதுதான் சரி என்று பட்டது. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"எங்கடா இருக்க?"

"நாகர்கோவில்லம்மா. இன்னைக்கு இங்கேயே தங்கிட்டுக் காலையில வரேன்."

"ஏன்டா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா."

"ஒண்ணும் ஆகலன்னா ஏன் தங்குற?"

ஒன்றும் ஆகக் கூடாது என்பதற்காகத்தான் தங்குகிறேன் என்று புரியவைக்க ஐந்து நிமிடம் ஆனது. புரிந்ததும், "சரி, தலைய நல்லா துவட்டு" என்றார். லாட்ஜில் ஈர பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்துவிட்டுப் படுத்ததுதான் தெரியும்.

ஆரல்வாய்மொழி: காலையில் தெரிந்த காரணம்

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். நாகர்கோவிலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் ஆரல்வாய்மொழி. அடுத்து முப்பந்தல். இந்தியாவின் பெரிய காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று இருக்கும் இடம். இரண்டு மலைகளுக்கு நடுவே குறுகலான வழி. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் எப்படிப் பீய்ச்சி அடிக்குமோ, அப்படித்தான் இந்தக் கணவாயில் காற்று பாய்கிறது.

நெல்லை - தென்காசி சாலையில் முகத்தில் மோதிய அதே காற்று, இங்கே விலாவில் இடித்தது. எதிர்க்காற்று வேகத்தைத்தான் குறைக்கும். பக்கக்காற்று, போகிற பாதையையே மாற்றிவிடும். காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் வடக்கே திரும்பியதும், இடது பக்கமிருந்து விட்டுவிட்டு அடித்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் வண்டி ஒரு முழம் வலது பக்கம் நகர்ந்தது.

லாரியை முந்தும்போதுதான் இதன் முழு வேலை தெரியும். லாரியின் வலது பக்கமாகப் போகும்போது அதன் உடம்பு காற்றை மறைத்துக்கொள்ளும். திடீரென்று அமைதி. காற்றுக்கு எதிராக இடது பக்கம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருந்த நாம், தானாக லாரிப் பக்கம் இழுக்கப்படுவோம். லாரியைத் தாண்டித் தலையை நீட்டியதும், பதுங்கியிருந்த காற்று மொத்தமாக வந்து மோதி, வலது பக்கம் தள்ளும். பகலில், தெம்பாக இருக்கும்போது, சாலை முழுக்கத் தெரியும்போது இதைச் சமாளிக்கலாம். வேகத்தைக் குறைத்து, முழங்காலால் டேங்க்கை இறுக்கிப் பிடித்து, கையைத் தளர்வாக வைத்துக்கொண்டால் வண்டி தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். இதையே 13 மணி நேரம் ஓட்டிய கையோடு, எதிர்வண்டி வெளிச்சம் கண்ணில் அடிக்கும் இருட்டில் செய்ய வேண்டியிருந்தால்? அந்த மூன்றாவது வரி எதற்கு என்பது அங்கே புரிந்தது.

ஒன்பதரை மணிக்கு வீடு. தூத்துக்குடியில் வழக்கம்போல வெயில். கொடியில் போட்ட ரெயின்கோட் கொஞ்ச நேரத்திலேயே காய்ந்துவிட்டது.

நீங்களும் கிளம்புவதாக இருந்தால்...

* டயரின் தேய்மானத்தைப் பாருங்கள். பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடுகள் இருக்கும். டயர் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்திருந்தால் மழைப் பயணம் வேண்டாம். காற்றை வண்டி ஓட்டுவதற்கு முன், டயர் சூடாகாதபோது சரிபார்க்க வேண்டும்.

* ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜூன் முதல் இந்தியாவில் டூ வீலர் ஹெல்மெட்டுக்கு அது கட்டாயம்.

* மேலும் கீழுமாக இரண்டு துண்டாக வரும் ரெயின்கோட்டே நல்லது. பளிச் நிறமாக இருக்கட்டும். பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரிய வேண்டும். தொளதொளவென்று இருந்தால் பக்கக்காற்றில் அதுவே பாய்மரமாகிவிடும்.

* ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ், ஒரு துண்டு, ஒரு பனியனைத் தனி பிளாஸ்டிக் கவரில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் மூன்று மணிக்கு அதன் அருமை தெரியும்.

* கிளம்பும் வழி, தங்கும் ஊர், பேசும் நேரம் மூன்றையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மலையில் சிக்னல் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112. இரண்டு மாநிலத்துக்கும் இதே எண்கள்தான்.

* ரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். பூட்டிய செல்போனைவிட அது சீக்கிரம் பேசும்.

இதையெல்லாம்விட முக்கியமானது, எந்த இடத்தில் நிற்கப்போகிறோம் என்பதை முந்தைய இரவே முடிவு செய்வது. எந்த மழையில் நிற்பேன், எத்தனை மணிக்கு மேல் ஓட்ட மாட்டேன், எந்த ஊரைத் தாண்ட முடியாவிட்டால் அங்கேயே தங்குவேன் என்று ஊர்ப் பெயரோடும் மணியோடும் எழுதிக்கொள்ளுங்கள். 'பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டால், களைத்துப்போன பிறகு நமக்குச் சாதகமாகத்தான் பார்த்துக்கொள்வோம். லாட்ஜ் வாடகையையும் பயணச் செலவில் முதலிலேயே சேர்த்துவிட்டால், தங்கும்போது காசு வீணானதாகத் தோன்றாது.

ஒன்றும் ஆகாத பயணம் செய்தி ஆகாது என்று எங்கள் டெஸ்க்கில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஜூன் தொடங்கி ஆடிக் காற்று அடங்கும் வரைக்கும் குற்றாலத்துக்கும் கேரளத்துக்கும் பைக்கில் கிளம்புகிற பிள்ளைகள் நிறையப் பேர். அவர்கள் எல்லாருடைய பயணமும் இப்படி ஒன்றும் ஆகாத பயணமாகவே இருக்கட்டும். உங்கள் வீட்டிலும் ஒருவர் கிளம்புகிறார் என்றால், "பார்த்துப் போ" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "எங்கே நிக்கப்போற?" என்று கேட்டு அனுப்புங்கள்.